இரும்புக்குப் போடுமுன்: பழைய கிராபிக்ஸ் கார்ட்கள் ஏன் இலட்சக்கணக்கில் விலை போகின்றன?

திருக்கோவில் பிரதான வீதியில் கணினி திருத்தும் சிறிய கடையொன்றை நான் நடத்தி வருகிறேன். சில மாதங்களுக்கு முன் தம்பிலுவில் பக்கமிருந்து ஓர் அம்மா ஓட்டோவில் வந்து இறங்கினார். பழைய படுக்கை விரிப்பு ஒன்றில் பொட்டலம் போலக் கட்டிய கணினிப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“மனே, இந்தப் பெட்டிக்குள்ள ஒரு காட் இருக்காம். அத வித்தா நாப்பது அம்பது லட்சம் வருமாம். கனடாவில இருக்கிற தங்கச்சிட மகன் வீடியோ ஒண்டு அனுப்பினவன். உண்மையா?”

அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. “கூரை ஒழுகுது. மாரிக்கு முதல் மாத்தினா நல்லம்” என்றும் சொன்னார்.

அந்த வீடியோ எனக்கும் வட்ஸ்அப்பில் வந்திருந்தது. அதில் சொல்லப்பட்ட செய்தி பொய்யல்ல. 2023 ஆம் ஆண்டு ‘வூடூ 5 6000’ என்ற பழைய கிராபிக்ஸ் கார்ட் ஒன்று ஈபே இணையச் சந்தையில் 15,000 டொலருக்கு விலை போனது. எங்கள் ரூபாவில் 45 இலட்சத்துக்குக் குறையாது. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டு மூலையில் கிடக்கும் கணினியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் வேறு. அந்த அம்மாவுக்கு அன்று சொன்ன விளக்கத்தையே இங்கு சற்று விரிவாக எழுதுகிறேன். அவருடைய பெட்டிக்கு என்ன நடந்தது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

கிராபிக்ஸ் கார்ட் செய்யும் வேலை

கோயில் அன்னதானச் சமையலை நினைத்துப் பாருங்கள். தலைமைச் சமையல்காரர் ஒருவர் இருப்பார். எதை எப்போது அடுப்பில் ஏற்றுவது, எவ்வளவு உப்புப் போடுவது எல்லாம் அவர் கையில். ஆனால் ஐந்நூறு தேங்காய் துருவும் வேலையை அவரிடமே கொடுத்தால் அன்று யாரும் சாப்பிட முடியாது. அதற்குத் தனியாக ஒரு கூட்டம் உட்கார்ந்து ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

கணினியின் பிரதான செயலி அந்தத் தலைமைச் சமையல்காரர். கிராபிக்ஸ் கார்ட் துருவுகிற கூட்டம். திரையில் தெரியும் இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிப்பதுதான் அதன் தொழில். 1990களின் நடுப்பகுதி வரை வீட்டுக் கணினிகளில் இந்தக் கூட்டம் மிகச் சிறியது. எழுத்தைக் காட்டும், படத்தைக் காட்டும், அவ்வளவுதான். விளையாட்டுகளில் வரும் முப்பரிமாணக் காட்சிகளைப் பிரதான செயலி தனியாகத் திணறித் திணறி வரைந்துகொண்டிருந்தது.

ஒரு நிறுவனத்தின் ஆறு ஆண்டுகள்

1994 இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் ஹொசே நகரில், திரீடிஎஃப்எக்ஸ் என்றொரு நிறுவனம் தொடங்கப்பட்டது. ரொஸ் ஸ்மித், கரி டரோலி, ஸ்கொட் செல்லர்ஸ் ஆகிய மூவரும் அதன் நிறுவுநர்களில் முக்கியமானவர்கள். முன்னர் சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தில் இருந்தவர்கள் இவர்கள். ‘ஜுராசிக் பார்க்’ படத்தின் டைனோசர்களை உருவாக்கப் பயன்பட்ட விலையுயர்ந்த கணினிகளைச் செய்த நிறுவனம் அது. அந்தத் தொழில்நுட்பத்தை வீட்டுக் கணினியின் விலைக்கு இறக்குவதே இவர்களின் எண்ணம்.

1996 இல் நினைவகச் சில்லுகளின் விலை உலகச் சந்தையில் சரிந்தது. அது இவர்களுக்குக் கைகொடுத்தது. ‘வூடூ கிராபிக்ஸ்’ என்ற பெயரில் வந்த அட்டை 300 டொலர் அளவில் கடைகளுக்கு வந்தது. அதில் ஒரு விசித்திரம் இருந்தது. சாதாரணத் திரையைக் காட்ட அதற்குத் தெரியாது. கணினியில் ஏற்கனவே இருக்கும் அட்டையிலிருந்து ஒரு கேபிளை இதற்குள் கொண்டுவந்து, இதிலிருந்து மொனிற்றருக்குக் கொடுக்க வேண்டும். விளையாட்டைத் தொடங்கினால் பல அட்டைகளில் ‘டிக்’ என்றொரு சத்தம் கேட்கும். அந்தக் கணத்திலிருந்து திரை வூடூவின் கையில். கட்டம் கட்டமாகத் தெரிந்த சுவர்கள் வழவழப்பாகும், தண்ணீர் மின்னும், வெளிச்சம் உண்மையான வெளிச்சம் போல விழும். ‘குவேக்’, ‘டோம்ப் ரைடர்’ போன்ற விளையாட்டுகளை அன்று அப்படிப் பார்த்தவர்கள் அந்த ‘டிக்’ சத்தத்தை இன்றும் மறக்கவில்லை.

1998 இல் ‘வூடூ 2’ வந்தது. இரண்டு அட்டைகளை ஒன்றாக இணைத்து வேகத்தைக் கூட்டும் வசதியும் அதில் இருந்தது. அதுவரை இந்த நிறுவனம் சில்லுகளைச் செய்து மற்றவர்களுக்கு விற்றது. அட்டைகளைச் செய்து சந்தைக்கு விட்டவர்கள் அவர்கள்தான். 1998 டிசெம்பரில் எஸ்.ரி.பி. என்ற அட்டை தயாரிப்பு நிறுவனத்தை வாங்கப் போவதாக அறிவித்து, அட்டைகளையும் தானே செய்ய முடிவெடுத்தது. அதுவரை கூட இருந்த வியாபாரிகள் போட்டி நிறுவனமான என்விடியாவிடம் போய்விட்டார்கள். புதிய அட்டைகளும் பிந்தின. 2000 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ‘வூடூ 5’ வந்து சேர்ந்தபோது சந்தை கைமாறியிருந்தது.

‘வூடூ 5 6000’ அந்த வரிசையின் உச்சமாக வந்திருக்க வேண்டியது. ஒரே அட்டையில் நான்கு செயலிகள். அதற்குத் தேவையான மின்சாரத்தைக் கணினியால் கொடுக்க முடியாமல், சுவர்ப் பிளக்கில் இருந்து தனியாக மின்சாரம் எடுக்கும்படி வடிவமைத்தார்கள். அது கடைக்கு வரவேயில்லை. 2000 டிசெம்பரில் நிறுவனம் தனது சொத்துகளில் பெரும்பகுதியை என்விடியாவுக்கு விற்பதாக அறிவித்தது. 2002 ஒக்டோபரில் வங்குரோத்தானது. வாங்கிய என்விடியா இன்று உலகின் மிகப் பெறுமதியான நிறுவனங்களில் ஒன்று. விற்ற நிறுவனத்தின் கடைசி அட்டையில் பரிசோதனைக்காகச் செய்த சொற்ப எண்ணிக்கை மட்டுமே எஞ்சியது. 15,000 டொலருக்குப் போனது அதில் ஒன்றுதான்.

விலையை ஏற்றுவது எது?

பழையது என்பதற்காக மட்டும் ஒரு பொருள் விலை போகாது. வூடூ வந்த அதே காலத்தில் ‘எஸ்3 ட்ரியோ’ போன்ற அட்டைகள் உலகெங்கும் பெருந்தொகையாக விற்பனையாகின. வயது ஒன்றுதான். ஆனால் அவை இன்று வெளிநாட்டில் பத்து இருபது டொலருக்குக் கிடைக்கும். வேறுபாட்டை உண்டாக்கும் காரணங்கள் ஐந்து.

முதலாவது, அருமை. குறைவாகச் செய்யப்பட்டது, அல்லது சந்தைக்கே வராதது. தோற்றுப்போன பொருட்கள் சேகரிப்பாளர்களிடம் வெற்றி பெறுவது இதனால்தான். நன்றாக விற்பனையானது எல்லோரிடமும் இருக்கும்.

இரண்டாவது, மாற்று இல்லாமை. வூடூ அட்டைகளுக்காக ‘கிளைட்’ என்ற தனி மொழி ஒன்றை அந்த நிறுவனம் உருவாக்கியது. அக்காலத்து விளையாட்டுகள் பல அந்த மொழியில் பேசினால்தான் முழு அழகைக் காட்டும். இன்றைய அட்டை ஆயிரம் மடங்கு வேகமானது. ஆனால் அதற்குக் கிளைட் தெரியாது. அதைப் போலச் செய்து காட்டும் மென்பொருட்கள் இப்போது உண்டு என்றாலும், உண்மையான அட்டை, உண்மையான விண்டோஸ் 98, உண்மையான குண்டு மொனிற்றர் என்று தேடுபவர்களுக்கு அது போதாது.

மூன்றாவது, நினைவும் வசதியும் ஒரே கையில் சேர்வது. 1997 இல் பதினைந்து வயதுப் பையனாகக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று அந்த அட்டையைப் பார்த்தவருக்கு இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. அன்று வாங்க முடியாததை இன்று வாங்குகிறார். எந்தப் பொருளும் பயன்பாட்டை விட்டு இருபது இருபத்தைந்து வருடங்கள் கழித்து விலை ஏறத் தொடங்குவதற்கு இது முக்கிய காரணம்.

நான்காவது, தப்பிப் பிழைத்தது குறைவு. புதிய அட்டை வந்தால் பழையதைக் கழற்றி எறிவதே வழமை. எறியாதவற்றிலும் கப்பாசிற்றர்கள் தலை புடைத்துக் கசிந்து அட்டையைக் கெடுத்தன. 2000களின் முற்பகுதியில் தரக்குறைவான கப்பாசிற்றர்கள் உலகச் சந்தையில் நிறைந்திருந்ததால் அந்தக் காலத்து மதர்போர்ட்களும் அட்டைகளும் பெருமளவில் செத்துப்போயின. மிஞ்சியவற்றில் ஒரு பகுதி, விளிம்பில் பூசிய தங்கத்துக்காக அமிலத்தில் போனது. ஓர் அட்டையில் உள்ள தங்கம் மில்லிகிராம் கணக்குத்தான். அதற்காக அழித்தது நூறு மடங்கு விலை போகக் கூடியதாக இருந்திருக்கலாம்.

ஐந்தாவது, நிலையும் கதையும். வேலை செய்கிறதா, மூலப்பெட்டி இருக்கிறதா, கையேடு இருக்கிறதா, யார் கையில் இருந்து வந்தது? ஒரே அட்டை இவற்றைப் பொறுத்து இரண்டு மூன்று மடங்கு விலை மாறும்.

இந்த ஐந்தும் கூடினால்தான் இலட்சம். ஒன்று இரண்டு இருந்தால் சில ஆயிரம். எதுவும் இல்லாவிட்டால் கிலோ விலை.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். 2020 தொடக்கம் 2022 வரை கிராபிக்ஸ் கார்ட் விலை எகிறியது பலருக்கு நினைவிருக்கும். அது சேகரிப்பாளர்களால் வந்த விலை அல்ல. கிரிப்டோ நாணயம் தோண்டுபவர்கள் புதிய அட்டைகளை மொத்தமாக அள்ளியதும், கொரோனாக் காலச் சில்லுத் தட்டுப்பாடும் அதற்குக் காரணம். 2022 செப்ரெம்பரில் எதீரியம் நாணயம் தன் முறையை மாற்றி, தோண்டுவதற்கு அட்டையே தேவையில்லை என்றானதும் பாவித்த அட்டைகள் சந்தையில் கொட்டுப்பட்டன. தேவையால் ஏறிய விலை தேவை போனதும் இறங்கும். அந்தக் காலத்து அட்டையை வைத்துக்கொண்டு காத்திருப்பதில் பயனில்லை.

எங்கள் பெட்டிகளில் ஏன் இல்லை?

சரி, எங்கள் ஊர்க் கணினிகளுக்குள் வூடூ இருக்குமா? பெரும்பாலும் இருக்காது. காரணம் கணினியில் இல்லை, எங்கள் வரலாற்றில் இருக்கிறது.

அந்த அட்டைகள் விற்பனையான 1996 தொடக்கம் 2000 வரையான காலத்தில் நான் குப்பி விளக்கில் படித்துக்கொண்டிருந்தேன். கணினி வகுப்பென்றால் அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ போக வேண்டும். வழியில் பஸ்ஸை நிறுத்துவார்கள். இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, வரிசையில் நடந்து, மறுபடி ஏற வேண்டும். வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தால் மின்சாரம் இருக்குமோ தெரியாது. முப்பரிமாண விளையாட்டுக்கு 300 டொலர் கொடுத்து அட்டை வாங்கும் வீடு எங்கள் பக்கத்தில் எங்கே இருந்தது?

எங்கள் கரையோரத்துக்குக் கணினிகள் ஓரளவு எண்ணிக்கையில் வந்தது 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்ட பேரழிவு அது. நிவாரண வேலைகளோடு வந்த கணினிகளில் நான் திறந்து பார்த்தவை பெரும்பாலும் பென்ரியம் 4 வகை. அவற்றில் கிராபிக்ஸ் தனி அட்டையாக இல்லை, மதர்போர்ட்டிலேயே இருந்தது. கழற்றி விற்க எதுவுமில்லை.

விதிவிலக்கும் உண்டு. அதை நானே கெடுத்திருக்கிறேன். 2010 அளவில், மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பிய ஒருவர் அங்கிருந்து கொண்டுவந்த கணினியைத் தரம் உயர்த்தக் கொடுத்தார். அதில் ‘வூடூ 3’ அட்டை இருந்தது. புதிய மதர்போர்ட்டில் அதைச் செருக இடமே இல்லை. உரியவரும் வேண்டாம் என்றார். நான் அதைப் பழைய அட்டைகளோடு சாக்கில் போட்டுக் கிலோக் கணக்கில் கொடுத்துவிட்டேன். இன்று வேலை செய்யும் நிலையில் இருந்தால் நூறு டொலருக்குக் குறையாமல் போகும் அட்டை அது. பெயர் அட்டையிலேயே எழுதியிருந்தது. எனக்குத்தான் அந்தப் பெயரின் பொருள் தெரியவில்லை.

எழுத்துக்காகச் செய்த அட்டைகள்

வூடூ விளையாடிய தலைமுறையின் ஏக்கம் எங்களுடையது அல்ல. ஆனால் கிராபிக்ஸ் கார்ட் வரலாற்றில் எங்களைத் தொடும் ஒரு பக்கம் இருக்கிறது. அது விளையாட்டைப் பற்றியதல்ல, எழுத்தைப் பற்றியது.

1981 இல் ஐ.பி.எம். தனது முதல் பி.சி. கணினியை வெளியிட்டபோது அதனோடு வந்த ஒற்றை நிற அட்டைக்கு எழுத்துகளை மட்டுமே காட்டத் தெரியும். அந்த எழுத்துகளின் வடிவங்கள் அட்டையின் சில்லில் நிரந்தரமாகப் பதிந்திருந்தன. மொத்தம் 256. அதில் ஆங்கிலம் இருந்தது, சில ஐரோப்பிய எழுத்துகள் இருந்தன. தமிழ் இல்லை, சிங்களம் இல்லை, தாய்லாந்து மொழி இல்லை. சில்லில் இல்லாத எழுத்து அந்தத் திரைக்கு வராது.

வான் சுவண்ணுகுல் என்ற தாய்லாந்து மாணவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார். ஆய்வேட்டைத் தன் தாய்மொழி எழுத்தில் கணினியில் எழுத விரும்பினார். முடியவில்லை. 720க்கு 348 புள்ளிகளில் எந்த வடிவத்தையும் வரையக்கூடிய அட்டையொன்றைத் தானே வடிவமைத்தார். 1982 இல் வந்த ‘ஹெர்குலிஸ்’ அட்டை அதுதான். அது உலகம் முழுவதும் விற்பனையாகி, அந்தக் காலத்தின் முக்கிய தரங்களில் ஒன்றானது. தன் எழுத்தைத் திரையில் காண விரும்பிய ஒருவரின் பிடிவாதத்தில் பிறந்த அட்டை அது.

இந்தியாவில் இதே சிக்கலை வேறு வழியில் அணுகினார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய ஆய்வு, 1988 இல் பூனாவில் அமைக்கப்பட்ட சி-டாக் நிறுவனத்தில் ‘ஜிஸ்ட்’ அட்டையாக வளர்ந்தது. அந்த வேலையில் மோகன் தாம்பேயின் பங்கு பெரியது. கணினிக்குள் அந்த அட்டையைச் செருகினால், ஆங்கிலத்துக்கென்று செய்த அன்றைய மென்பொருட்களுக்குள்ளேயே தமிழ் உட்பட இந்திய மொழிகளைத் தட்டெழுதலாம். தமிழைத் திரையில் பார்ப்பதற்குத் தனியாக ஒரு கார்ட் வாங்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 இலேயே ‘முரசு’ என்ற மென்பொருளைத் தொடங்கியிருந்தார். 1991 இல் யுனிகோட் முறையின் முதற் பதிப்பிலேயே தமிழ் சேர்க்கப்பட்டாலும், விண்டோஸ் தமிழை முறையாகக் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000 இல்தான். அதன் பிறகும் பல வருடங்கள் எங்கள் பக்கத்தில் தட்டெழுதியதெல்லாம் ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களில்.

அந்த எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன. கணினி ஆங்கில எழுத்தென்றே நினைத்துச் சேமிக்கும். எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டும். எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த குப்பை போலத் தெரியும். விபரம் தெரியாதவர் ‘கோப்பு பழுதாகிவிட்டது’ என்று அழித்துவிடுவார். வூடூவைச் சாக்கில் போட்ட நானும் அப்படிப்பட்ட ஒருவன்தான்.

அம்மாவின் பெட்டி

பெட்டியைத் திறந்தேன். தூசி, பல்லி முட்டை, கடற்காற்றில் துருப்பிடித்த ஆணிகள். தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லை. இல்லை என்றதும் அவர் ஒன்றும் பேசவில்லை. “அப்ப இரும்புக்குப் போடுவம்” என்று எழுந்தார். யாருடைய கணினி என்று கேட்டேன்.

மகனுடையது. சுனாமிக்குப் பிறகு வீட்டு விறாந்தையில் வைத்து ஊரவருக்குக் கடிதம் தட்டெழுதிக் கொடுத்தவர். 2007 இல் ஒருநாள் அக்கரைப்பற்றுக்கென்று போனவர் திரும்பி வரவில்லை. அந்தப் பெட்டியை அம்மா அத்தனை வருடமும் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். வீடியோவைப் பார்த்த பிறகுதான் வெளியே எடுத்திருக்கிறார்.

ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றினேன். அது பழைய அகலப் பட்டைக் கேபிளில் இணைக்கும் வகை. இன்றைய கணினிகளில் அதற்கு வாயில் இல்லை. என்னிடமிருந்த இணைப்பான் பழுது. கல்முனையில் பழைய கணினிப் பொருட்கள் வாங்கி விற்கும் நானா ஒருவரிடம் கேட்டேன். கடையின் பின்புறத்துப் பெட்டியொன்றைக் கிளறி ஒன்றை எடுத்துத் தந்தார். “இப்ப இத யாரும் கேக்கிறல்ல தம்பி. சும்மாதான் கிடக்கு. வேல முடிஞ்சா திருப்பித் தாங்க.” கிலோ விலை கூடப் பெறாத அந்தச் சிறிய சாமான் இல்லாமல் அன்று எனக்கு வேலை நடந்திருக்காது. மாற்று இல்லாத பொருளுக்கே மதிப்பு என்று மேலே எழுதியதை எனக்குக் காட்டித் தந்தது அதுதான்.

டிஸ்க் சுழன்றது. ஒரு கோப்புறைக்குள் நூற்றுக்கணக்கான கடிதங்கள். திறந்தால் எல்லாம் குப்பை. பாமினி எழுத்துருவைப் போட்டதும் தமிழானது. வீட்டுத் திட்டத்துக்கான விண்ணப்பங்கள், படகு கேட்டு எழுதியவை, காணாமற்போன பிள்ளையைத் தேடித் தருமாறு அலுவலகம் அலுவலகமாக ஊரவர்கள் எழுதிய முறைப்பாடுகள். ஒவ்வொன்றிலும் பெயர், இடம், திகதி, கடைசியாகக் கண்டவர் யார் என்ற விபரம். மற்றவர்களின் பிள்ளைகளுக்காக அந்த மகன் தட்டெழுதியவை. வேறொரு கோப்புறையில் படங்கள். அதில் நான்கில் அவர் இருந்தார்.

அம்மா படங்களைப் பார்த்தார். ஒரு படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, “இந்தச் சேட்டு நான் வாங்கிக் குடுத்தது” என்றார். கடிதங்களில் இருந்த குடும்பங்களில் இரண்டை அவரே அடையாளம் சொன்னார். அவர்களிடம் மூலப் பிரதி இல்லை. இடம்பெயர்வில் ஒன்று, வெள்ளத்தில் மற்றது போய்விட்டது. அச்சடித்துக் கொடுத்தோம். 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திலோ வேறெங்கோ சாட்சியம் சொல்லும்போது, “அப்போதே எழுதினோம்” என்று காட்டுவதற்கு அவர்கள் கையில் இப்போது ஒரு தாள் இருக்கிறது.

வெற்றுப் பெட்டி கல்முனைக்குப் போனது. கிலோ விலைதான். நானா கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். கூரைக்கு அது போதவில்லை. ஹார்ட் டிஸ்க் அம்மாவிடம் இருக்கிறது. இன்னொரு பிரதி என்னிடமும், மூன்றாவது பிரதி கனடாவில் அந்த வீடியோவை அனுப்பிய தங்கச்சி மகனிடமும் இருக்கின்றன.

விற்குமுன் செய்ய வேண்டியவை

பழைய கணினியை இரும்புக்குப் போட நினைப்பவர்களுக்கு எனது அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள்.

முதலில் மொனிற்றர் வயர் எங்கே செருகப்பட்டுள்ளது என்று பாருங்கள். விசைப்பலகை, மவுஸ் செருகும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால் தனி அட்டை இல்லை என்று பொருள். கீழே தனியாக உள்ள நீளத் துவாரம் ஒன்றில் இருந்தால் அட்டை உண்டு. அதைக் கழற்றி, அதிலுள்ள பெயரையும் எண்ணையும் படமெடுத்து, அதே அட்டை எந்த விலைக்கு விற்பனையாகி முடிந்திருக்கிறது என்று ஈபேயில் பாருங்கள். கேட்கும் விலையைப் பார்க்க வேண்டாம். கேட்பவர் எதையும் கேட்கலாம். ‘விற்றுத் தருகிறேன், முற்பணம் அனுப்புங்கள்’ என்று சொல்லும் எவருக்கும் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். அட்டையின் தங்க விளிம்பு கறுத்திருந்தால் அழிறப்பரால் மெதுவாகத் துடைத்தால் போதும். வயரை எரிக்கவோ அட்டையை அமிலத்தில் போடவோ வேண்டாம். அந்தப் புகையிலும் நீரிலும் போவது ஈயமும் நஞ்சும். அது எங்கள் கிணற்றுக்கே திரும்பி வரும்.

இரண்டாவது, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமல் எந்தக் கணினியையும் வீட்டை விட்டு வெளியே அனுப்ப வேண்டாம். உள்ளே இருப்பது குப்பையாகத் தெரிந்தால் அழிக்க முன் பழைய தமிழ் எழுத்துருக்களைப் போட்டுப் பாருங்கள். பாமினியை யுனிகோடாக மாற்றும் வசதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மூலக் கோப்பைத் திறந்து மறுபடி சேமிக்க வேண்டாம், அதன் திகதி மாறிவிடும். முதலில் பிரதி எடுத்து, பிரதியில் வேலை செய்யுங்கள். டிஸ்க் ‘டக் டக்’ என்று சத்தமிட்டால் உடனே நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தால் உள்ளதும் போய்விடும்.

வூடூ அட்டை ஒன்று எங்கள் ஊரில் அகப்பட்டால் மகிழ்ச்சிதான். நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அதை வாங்க உலகத்தில் ஆயிரம் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதைக் காப்பாற்றிக்கொள்வார்கள். எங்கள் கட்டில்களுக்குக் கீழே கிடக்கும் டிஸ்க்குகளுக்கு அப்படி ஒருவரும் இல்லை. இந்த மாரி மழை தொடங்குமுன் ஒருமுறை கட்டிலுக்குக் கீழே பாருங்கள்.